வெளியில் மாட்டிய டோம் கேமராவில் இரவுப் படம் மட்டும் மங்கலாக இருக்கிறது. துடைத்தும் தெளியவில்லை. என்ன செய்யலாம்?

பகலில் படம் பளிச்சென்று இருக்கிறது, இருட்டியதும் பால் ஊற்றியது போல வெளுத்துப்போகிறது என்றால், கேமரா பழுது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். எங்கள் வீட்டு வாசல் கேமராவிலும் இதேதான் நடந்தது. நானும் ஏணி போட்டு ஏறி, டோம் எனப்படும் அரை உருண்டை வடிவ ஒளிபுகும் மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் துடைத்து மாட்டினேன். அன்று இரவு படம் முன்பைவிட மோசம். காரணம் பிடிபட எனக்கு இரண்டு வாரம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

பகலில் வெளிச்சம் எதிரே இருக்கும் பொருள்களிலிருந்து வருகிறது. டோம் மேல் ஒட்டிய தூசி லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் ஃபோகஸில் சிக்காது, படத்தில் தெரியவும் தெரியாது. இரவில் கதை வேறு. லென்ஸைச் சுற்றியுள்ள ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகளும் அதே டோம் வழியாகத்தான் ஒளியை வெளியே அனுப்புகின்றன. ஒளியின் அலைநீளம் 850 நானோமீட்டர் வகையானால் அந்த விளக்குகள் லேசாகச் சிவந்து தெரியும். 940 வகை கண்ணுக்கே தெரியாது. எதுவானாலும், அந்த ஒளி டோமில் படிந்த தூசியிலும் பிசுக்கிலும் பட்டுச் சிதறி, ஒரு பங்கு லென்ஸுக்கே திரும்பிவிடுகிறது. பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டு வண்டி ஓட்டியிருந்தால் இது சட்டென்று புரியும். மங்கலாக்குவது கேமராவின் சொந்த வெளிச்சம்தான்.

அதனால் துடைப்பதற்கு முன் ஒரு சோதனை. இருட்டிய பிறகு டோம் மூடியை மட்டும் கழற்றிவிட்டு, செல்போனில் படத்தைப் பாருங்கள். தெளிந்துவிட்டால் குற்றவாளி மூடிதான். மூடி இல்லாமலும் வெளுப்பாக இருந்தால் லென்ஸில் கறை இருக்கலாம், அல்லது பக்கத்துச் சுவரோ கூரை விளிம்போ ஐஆர் ஒளியைத் திருப்பி அடிக்கலாம். பின்னதற்கு எவ்வளவு துடைத்தும் பயனில்லை. கேமராவைக் கொஞ்சம் திருப்பினாலே சரியாகிவிடும். மழை இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

சரி, மூடிதான் காரணம் என்று தெரிந்துவிட்டது. அது கண்ணாடி இல்லை என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். பெரும்பாலும் பாலிகார்பனேட் அல்லது அக்ரிலிக். காய்ந்த துணியால் தேய்த்தால் அதன் மேலிருக்கும் மண் துகளே உப்புத்தாள் போல் கீறும். ஒவ்வொரு கீறலும் இரவில் ஒளியைச் சிதறடித்து வெளுப்பைக் கூட்டும். எனவே முதலில் காற்றை ஊதித் தூசியைப் போக்கி, சுத்தமான தண்ணீர் விட்டு அலசுங்கள். பிறகு ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, அழுத்தாமல் துடைத்து, மறுபடி அலசி, இன்னொரு மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். உப்புத் தண்ணீரானால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கும், கடைசி அலசலுக்காவது காய்ச்சி வடித்த (டிஸ்டில்டு) நீர் நல்லது. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், தின்னர், அசிட்டோன் எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் வெளிறும், மயிரிழை விரிசல் விடும். டிஷ்யூ பேப்பரும் வேண்டாம். வெயில் உச்சியில் இருக்கும்போது செய்யாதீர்கள், சோப்பு நீர் துடைப்பதற்குள் காய்ந்து திட்டாகிவிடும்.

உள்பக்கத்தில்தான் நான் தவறு செய்தேன். வெறும் கையால் மூடியைப் பிடித்திருந்தேன். கட்டை விரல் ரேகை உள்ளே அப்படியே பதிந்திருந்தது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பகலில் தெரியாது, ஐஆர் பட்டதும் பெரிய மேகமாக விரியும். மெல்லிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

அதைவிட முக்கியம் ஒன்று உண்டு, பலரும் இதைக் கவனிப்பதில்லை. லென்ஸைச் சுற்றி ஒரு கறுப்பு ஸ்பாஞ்ச் அல்லது ரப்பர் வளையம் இருக்கும். வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். மூடியின் உள்பக்கத்தோடு ஒட்டி நின்று, விளக்கின் ஒளி டோமுக்குள்ளேயே எதிரொளித்து லென்ஸில் விழாமல் தடுப்பது அதுதான். மூடியை மாட்டும்போது அது ஒரு பக்கம் மடங்கினாலோ, டோமைத் தொடாமல் இடைவெளி விட்டாலோ, எவ்வளவு சுத்தமான டோமிலும் படம் வெளுக்கும். எங்கள் கேமராவில் அந்த வளையம் நகர்ந்து ஒரு பக்கம் பிறை போல இடைவெளி இருந்தது. நேராக்கி மாட்டினேன். வாசல் படியில் கிடந்த செருப்பின் வார் வரை அன்று இரவு தெரிந்தது. அந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை.

மூடி திறந்திருக்கும்போதே உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் இருக்கிறதா பாருங்கள். பழையதானால் புதிது வையுங்கள். விளிம்பிலுள்ள ரப்பர் வாஷரில் மண்ணோ முடியோ சிக்கியிருந்தால் அந்த வழியாக ஈரம் நுழைந்து, குளிர்ந்த இரவுகளில் உள்ளே வியர்க்கும். ஐபி66 (தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான குறியீடு) என்று பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் அந்த வாஷர் சரியாக உட்கார்ந்தால் மட்டுமே. ஸ்க்ரூக்களை ஒரே பக்கமாக இறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

புதிதாக மாட்டிய கேமராவானால், டோம் மேல் கம்பெனி ஒட்டிய மெல்லிய பாதுகாப்புத் தாளை உரித்தார்களா என்றும் பாருங்கள். உரிக்காமல் விட்டுப்போவதை நானே இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன்.

சிலந்தி வலை தனித் தொல்லை. ஒற்றை இழை லென்ஸுக்கு முன்னால் ஆடினாலும் இரவில் வெள்ளைக் கயிறு போலத் தெரியும், அசைவு எச்சரிக்கையும் விடிய விடிய வந்துகொண்டிருக்கும். நீண்ட கம்பில் மென்மையான பிரஷ் கட்டி வாரம் ஒரு முறை சுற்றிலும் தட்டிவிட்டால் போதும், ஏணி தேவையில்லை. பிரஷ் டோமைத் தொட வேண்டாம். முழுச் சுத்தம் நான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்கிறேன். மண் சாலை ஓரமானால் மாதம் ஒரு முறை தேவைப்படும்.

இவ்வளவுக்குப் பிறகும் மங்கலாக இருந்தால், மூடியைக் கழற்றி வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மஞ்சள் பாரித்திருந்தாலோ, விளக்கொளியில் சிலந்தி வலை போலக் கீறல்கள் மின்னினாலோ அது வெயிலில் முதிர்ந்துவிட்டது. பற்பசை போட்டுத் தேய்த்துப் பார்க்காதீர்கள், மேல் பூச்சு போய் இன்னும் கெடும். பல மாடல்களுக்கு மூடி மட்டும் தனியாகக் கிடைக்கிறது, மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.