பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘இ-கேட்ஹெரின் நெகட்டிவ்’ என்றால் என்ன?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. மார்பில் கட்டி என்று பயாப்ஸி எடுத்தார்கள். ‘இன்வேசிவ் லோபுலார் கார்சினோமா, கிரேடு 2, இஆர் பாசிட்டிவ், பிஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ், இ-கேட்ஹெரின் நெகட்டிவ்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இணையத்தில் தேடியதில், இ-கேட்ஹெரின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதம், அது போய்விட்டால் புற்றுநோய் பரவும் என்று படித்தேன். அப்படியானால் அம்மாவுக்கு ஏற்கெனவே பரவிவிட்டதா? அந்தப் புரதத்துக்குக் கால்சியம் தேவையாமே, கால்சியம் மாத்திரையைக் கூட்டிக் கொடுக்கலாமா? நானும் தங்கையும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: பரவிவிட்டது என்று அந்த வரி சொல்லவில்லை. நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களும் ஸ்கேன்களும்தான் சொல்லும். எவ்வளவு முரட்டுத்தனமானது என்பதற்குக் கிரேடு இருக்கிறது. இ-கேட்ஹெரின் வரி இது எந்த வகைப் புற்றுநோய் என்பதைச் சொல்வதற்காக எழுதப்படுவது. ‘லோபுலார்’ (பால்சுரப்பி நுண்மடல்களின் பெயரால் அழைக்கப்படும் வகை) என்று முடிவு செய்த பேத்தாலஜிஸ்ட் அதற்கு ஆதாரமாக அதைச் சேர்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தச் சோதனை எப்படி இருக்கும் என்று பார்த்தால் பயம் கொஞ்சம் குறையும். திசுவை மெல்லிய சீவலாக வெட்டி, இ-கேட்ஹெரினில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடியை ஊற்றி, பழுப்பு நிறம் ஏற்றுவார்கள். பால்குழாய்களின் பெயரால் அழைக்கப்படும் வழக்கமான டக்டல் புற்றுநோயில் ஒவ்வொரு செல்லின் ஓரமும் பழுப்புக் கோடாகத் தெரியும். செல்கள் கூட்டமாகவோ சிறு குழாய் வடிவிலோ இருக்கும். லோபுலாரில் பக்கத்தில் இருக்கும் நல்ல பால்குழாய்ச் செல்கள் பழுப்பாக இருக்க, புற்றுச்செல்கள் மட்டும் வெறும் நீலமாக, எறும்பு வரிசைபோல ஒற்றை ஒற்றையாக நாரிழைகளுக்கு நடுவே நுழைந்து போயிருக்கும். பத்தில் ஒன்று போலச் சில லோபுலார் கட்டிகளில் நிறம் அப்படியே ஏறுவதும் உண்டு. ஆகவே வடிவம்தான் முதல் சாட்சி, நிறம் துணைச் சாட்சி.

இ-கேட்ஹெரின் செல்லின் மேல்தோலைத் துளைத்துக்கொண்டு நிற்கும் புரதம். வெளியே நீட்டியிருக்கும் பகுதி பக்கத்துச் செல்லின் இ-கேட்ஹெரினைப் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் வால், கேட்டனின் என்ற புரதங்கள் வழியாகச் செல்லின் உட்சட்டகமான ஆக்டின் இழைகளோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கேட்டனின்களில் ஒன்றான பீட்டா-கேட்டனினுக்கு இரண்டு வேலை. இங்கே கட்டுமான வேலை. செல்லின் உட்கருவுக்குள் போனால், ‘டபிள்யூஎன்டி’ என்ற சமிக்ஞைப் பாதையின் தூதுவனாகிப் பெருக்கத்துக்கான மரபணுக்களைத் தட்டி எழுப்பும் வேலை. பெருங்குடல் புற்றுநோயில் ஏபிசி மரபணு கெட்டுப்போய் இந்த இரண்டாம் வேலைதான் கட்டுமீறுகிறது. அதனால், இ-கேட்ஹெரின் போனால் பீட்டா-கேட்டனின் விடுபட்டு உட்கருவுக்கு ஓடிவிடும் என்று பல இணையப் பக்கங்கள் எழுதுகின்றன. லோபுலார் மார்பகக் கட்டிகளில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பிடிமானம் இழந்த பீட்டா-கேட்டனினைச் செல்லே சிதைத்துவிடுகிறது. மாறாக, பிஐ3கே என்ற வளர்ச்சிப் பாதையில் கோளாறு இந்த வகையில் அடிக்கடி காணப்படுகிறது.

‘ஒட்டு போனால் பரவும்’ என்பதும் பாதி உண்மை. டிஜிஎஃப்-பீட்டா சமிக்ஞையும் ஸ்நெய்ல், ட்விஸ்ட் போன்ற புரதங்களும் இ-கேட்ஹெரினை அணைத்து, செல்லை நகரும் குணத்துக்கு மாற்றுவது ஆய்வகத்தில் நன்றாகவே காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ எவால்டின் குழு டக்டல் வகை மாதிரிகளில் இ-கேட்ஹெரினை நீக்கிப் பார்த்து 2019-இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. செல்கள் சுற்றுத்திசுவுக்குள் கூடுதலாக ஊடுருவின, சரி. ஆனால் வழியிலேயே நிறையச் செத்தன, தொலைவில் போய்க் குடியேறியது குறைந்தது. பரவும் செல்லுக்கும் உயிர் பிழைக்க அந்த ஒட்டு உதவுகிறது. லோபுலார் செல்கள் அது இல்லாமலே வாழக் கற்றுக்கொண்ட தனி இனம். ஒரு வகையில் கண்டதை இன்னொன்றுக்குப் பொருத்துவதில்தான் இணைய வாசிப்பு தடம் புரள்கிறது.

சரி, நடைமுறையில் இந்த வரியால் எதுவுமே மாறாதா? மாறும். உங்கள் கவனம் அங்கேதான் போக வேண்டும்.

செல்கள் கூட்டமாகக் கட்டியாகாமல் வரிசையாக ஊடுருவுவதால், மேமோகிராமில் கட்டியின் உண்மையான அளவு தெரியாமல் போகலாம். மேமோகிராமில் 2 சென்டிமீட்டர் என்று இருப்பது உள்ளே அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். அறுவைச் சிகிச்சைக்கு முன் மார்பக எம்ஆர்ஐ தேவையா என்று கட்டாயம் கேளுங்கள். மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுப்பதென்றால், வெட்டிய ஓரத்தில் புற்றுச்செல் மிஞ்சி இரண்டாவது அறுவை தேவைப்படும் வாய்ப்பு இந்த வகையில் சற்று அதிகம். அதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால் பின்னால் ‘முதலிலேயே ஏன் சரியாக எடுக்கவில்லை’ என்ற மனக்கசப்பு வராது. சர்க்கரை ஏற்றிப் பார்க்கும் பெட் ஸ்கேனிலும் லோபுலார் மங்கலாகத் தெரியலாம். அதில் ஒன்றும் ஒளிரவில்லை என்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது.

அம்மாவின் ரிப்போர்ட்டில் எனக்கு நிம்மதி தருவது இஆர் பாசிட்டிவ் என்பது, அதாவது புற்றுச்செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏற்கும் புரதம் இருக்கிறது என்பது. ஹார்மோன் மாத்திரைகளுக்கு இது நன்றாகக் கட்டுப்படும். மாதவிடாய் நின்ற பெண்களின் லோபுலார் வகையில் டமாக்சிஃபெனைவிட லெட்ரோசோல் கூடுதல் பலன் தந்ததை ‘பிக் 1-98’ என்ற பெரிய ஆய்வின் பகுப்பாய்வு காட்டியது. அறுவைக்கு முன் கீமோ கொடுத்துக் கட்டியை முழுக்கக் கரைப்பது இந்த வகையில் அரிதாகவே நடக்கிறது. கீமோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அது கணுக்களின் நிலையைப் பொறுத்து உங்கள் ஆன்காலஜிஸ்ட் எடுக்கும் முடிவு. அப்புறம், சிகிச்சை முடிந்து பல வருடங்கள் கழித்தும் இது திரும்பலாம். எலும்பு தவிர வயிற்றறைச் சவ்வு, இரைப்பை, குடல், சினைப்பை என்று வழக்கமில்லாத இடங்களிலும் வரலாம். நீண்ட நாள் வயிற்று உப்புசத்தையோ பசியின்மையையோ ‘கேஸ்’ என்று விட்டுவிடாமல், பழைய ரிப்போர்ட்டோடு மருத்துவரிடம் போக வேண்டும்.

கால்சியம் விஷயம். நீங்கள் படித்தது தப்பில்லை. 1970களின் பிற்பகுதியில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மசதோஷி தகெய்ச்சி இந்த மூலக்கூறுகளின் தடத்தைப் பிடித்ததே, கால்சியம் இருந்தால் செல்கள் ஒட்டுகின்றன, எடுத்துவிட்டால் பிரிகின்றன என்று கவனித்ததால்தான். ஆனால் அம்மாவின் புற்றுச்செல்களில் கால்சியம் குறையவில்லை, கால்சியம் போய்ச் சேர வேண்டிய புரதமே இல்லை. தவிர, ரத்தத்தில் கால்சியத்தை உடல் ஒரே அளவில் பிடித்து வைத்திருக்கிறது. மாத்திரையைக் கூட்டினால் சிறுநீரகக் கல்தான் வரக்கூடும். லெட்ரோசோல் எலும்பை மெலிய வைக்கும் என்பதால் டாக்டரே எலும்பு அடர்த்தி பார்த்துக் கால்சியமும் வைட்டமின் டி-யும் எழுதலாம். அந்த அளவு போதும்.

கடைசியாக, நீங்களும் தங்கையும். இ-கேட்ஹெரினை உண்டாக்கும் மரபணுவின் பெயர் சிடிஎச்1. அம்மாவின் கட்டியில் அது கெட்டிருப்பது பெரும்பாலும் அந்தக் கட்டிக்குள் மட்டும் நடந்த மாற்றம், பிள்ளைகளுக்குப் போகாது. பிறவியிலேயே கெட்ட பிரதியோடு வரும் குடும்பங்கள் அரிது. அதை முதலில் கண்டுபிடித்தது நியூசிலாந்தில், இரைப்பைப் புற்றுநோயால் தலைமுறை தலைமுறையாக இளம் வயதினரை இழந்துகொண்டிருந்த ஒரு மாவோரிக் குடும்பத்தில். 1998-இல் பாரி கில்ஃபோர்டும் சக ஆய்வாளர்களும் அதை வெளியிட்டார்கள். அப்படிப் பிறந்தவர்களுக்கு ‘டிஃப்யூஸ்’ வகை (கட்டியாகாமல் இரைப்பைச் சுவருக்குள் பரவலாக ஊடுருவும்) இரைப்பைப் புற்றுநோயும், பெண்களுக்கு லோபுலார் மார்பகப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு மிக அதிகம்.

ஆகவே சிடிஎச்1 சோதனையை எப்போது யோசிப்பது? 70 வயதுக்கு முன் இரண்டு மார்பிலும் லோபுலார் வந்திருந்தால். 50 வயதுக்கு முன் லோபுலார் வந்தவர்கள் குடும்பத்தில் இருவர் இருந்தால். ஒருவருக்கு லோபுலாரும் இன்னொருவருக்கு டிஃப்யூஸ் இரைப்பைப் புற்றுநோயும் இருந்தால். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ போன்ற மற்ற மரபணுக்களைப் பார்ப்பது தனிக் கணக்கு. அதையும் மரபணு ஆலோசகரிடம் கேளுங்கள். எதுவானாலும் முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியது அம்மா. அவருக்கு மாற்றம் இருந்தால்தான் அதே மாற்றத்தை உங்கள் இருவரிடமும் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. சோதனை தேவையில்லை என்றாலும், அம்மாவுக்கு வந்திருப்பதைச் சொல்லி, உங்களுக்கு மேமோகிராம் எந்த வயதில் தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆலோசகரிடம் போகும் முன் ஒரு வேலை. அம்மாவழி, அப்பாவழி இரண்டிலும் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். நம் வீடுகளில் ‘வயித்துல கட்டி வந்து போயிட்டார்’ என்றால் அது இரைப்பையாகவும் இருக்கலாம், குடல், ஈரல், கர்ப்பப்பை எதுவாகவும் இருக்கலாம். யாரிடமாவது பழைய ஃபைல் இருந்தால் அதில் ‘டிஃப்யூஸ்’, ‘சிக்னெட் ரிங்’ (டிஃப்யூஸ் வகையில் காணப்படும் மோதிர வடிவச் செல்) என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, அவருக்கு அப்போது என்ன வயது என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள்.