தேதி போடாத ராஜினாமா கடிதம்

கேள்வி: எனக்கு 29 வயது. தமிழ்நாட்டில் ஒரு தனியார் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில், கணக்குப் பிரிவில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். அறுபது பேருக்கு மேல் வேலை செய்யும் இடம். மாதச் சம்பளம் 32,000 ரூபாய். இது எனக்கு முதல் குழந்தை, இப்போது 27-வது வாரம். கர்ப்பம் என்று சொன்ன நாளிலிருந்து மேனேஜர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 'ஆடிட் நேரத்தில் இப்படிப் பண்ணிட்டீங்களே' என்று எல்லார் முன்னாலும் சொன்னார். என் இருக்கையை ஸ்டோர் ரூம் பக்கம் மாற்றினார்கள், சம்பள உயர்வையும் நிறுத்திவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை ஹெச்.ஆர். கூப்பிட்டு, டைப் செய்து வைத்திருந்த ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வாங்கினார். தேதி இடம் காலியாக இருந்தது. 'குழந்தை பிறந்து ஒரு வருஷம் கழிச்சு வாங்க, உங்க சீட் உங்களுக்குத்தான். இப்போ ரெண்டு மாசச் சம்பளம் போட்டுடறோம்' என்றார். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகவில்லை. மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியுமா? நியாயம் கிடைக்கும்வரை விடக் கூடாது என்று இருக்கிறேன். அரசு உதவி ஏதாவது கிடைக்குமா? என் கணவருக்கு லீவு உண்டா?

பதில்: இந்தப் பகுதிக்கு எழுதும் முன்பே உங்களுக்கு நேரடியாக ஒரு வரி அனுப்பிவிட்டேன். இது தள்ளிப்போடும் விஷயம் இல்லை. அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மேனேஜர் சொன்னது, இருக்கை மாற்றம், நின்றுபோன சம்பள உயர்வு, இவற்றை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் அவற்றை வைத்துத் தனி வழக்குப் போட்டால் காலம் போகுமே தவிர கைக்குப் பணம் வராது. உங்கள் விவகாரத்தில் சட்டம் பார்க்கப்போவது ஒரே ஒரு கேள்வியைத்தான்: நீங்கள் வேலையை விட்டீர்களா, அவர்கள் உங்களை நீக்கினார்களா?

நீக்கினார்கள் என்றால் சட்டம் முழுக்க உங்கள் பக்கம். கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணை வேலையிலிருந்து எடுத்தாலும், அந்தக் காரணத்தால் அவருக்கு வர வேண்டிய மகப்பேறு சலுகை போகாது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் இது இருந்தது. அந்தச் சட்டம் இப்போது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டாலும், இந்தப் பாதுகாப்பு அப்படியே தொடர்கிறது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளம் என்பதும், எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்பதும் மாறவில்லை. மூன்று வருடம் வேலை பார்த்த உங்களுக்குத் தகுதி பற்றிய கேள்வியே எழாது. ஒப்பந்த ஊழியர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். டெல்லியில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒரு மருத்துவர் வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் மகப்பேறு சலுகையை முழுதாகத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீங்களாகவே விட்டீர்கள் என்று ஆகிவிட்டால் இந்தப் பாதுகாப்பு எதுவும் உங்களை எட்டாது. உங்கள் ஹெச்.ஆருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் நீக்க உத்தரவு டைப் செய்யாமல் ராஜினாமா கடிதம் டைப் செய்தார். நான் பார்த்த இப்படிப்பட்ட கடிதங்களில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான் இருக்கும்: 'என் சொந்தக் காரணங்களாலும் உடல்நிலை காரணமாகவும்.' கீழே அந்தப் பெண்ணே கையெழுத்துப் போட்டிருப்பார். பிறகு 'என்னை மிரட்டி வாங்கினார்கள்' என்று சொல்ல வேண்டிய சுமை முழுக்க அந்தப் பெண்ணின் தலையில் விழும்.

ஆனால் உங்களிடம் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. ராஜினாமாவை நிர்வாகம் ஏற்று, அது நடைமுறைக்கு வருவதற்குள் திரும்பப் பெறலாம். ஏற்றுக்கொண்டதாக எதுவும் வந்ததென்று நீங்கள் எழுதவில்லை. ஆகவே முதல் வேலை மின்னஞ்சல். வெள்ளிக்கிழமை என்ன நடந்தது, யார் இருந்தார்கள், கடிதத்தில் தேதி இல்லாமல் கையெழுத்து வாங்கப்பட்டது, அது என் விருப்பத்தோடு தந்தது இல்லை, அதைத் திரும்பப் பெறுகிறேன், நான் வேலையில் தொடர்கிறேன். இவ்வளவுதான். மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அதையே ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மின்னஞ்சலின் நேரம் ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். தேதி போடாத கடிதம் அவர்கள் கையில் இருக்கிறது, எந்தத் தேதியையும் அவர்கள் எழுதலாம். அடுத்த வாரத் தேதி போட்டால், அதற்கு முன்பே நீங்கள் திரும்பப் பெற்றதாக ஆகிவிடும். போன மாதத் தேதி போட்டால், அந்தத் தேதிக்குப் பிறகு நீங்கள் கைரேகை வைத்த வருகைப் பதிவும், டாலி கணக்கு மென்பொருளில் போட்ட பதிவுகளும், வங்கியில் ஏறிய சம்பளமும் அவர்களையே பொய்யாக்கும். ஆனால் நீங்கள் எதுவும் அனுப்பாமல் இருந்தால், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர்கள் எந்தத் தேதி போட்டாலும் அது செல்லுபடியாகிவிடும். என்ன தேதி போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள வருங்கால வைப்பு நிதி இணையதளத்தில் உங்கள் யூஏஎன் எண்ணை (வைப்பு நிதிக்கான உங்கள் தனி எண்) வைத்து நுழைந்து, பணி வரலாற்றைத் திறந்து பாருங்கள். வேலையை விட்ட தேதியைக் கம்பெனி ஏற்றியிருந்தால் அங்கே தெரியும். அந்தப் பக்கத்தை அன்றே சேமித்து வையுங்கள்.

என்னிடம் வந்த ஒரு பெண் ஏறக்குறைய இதே நிலையில் இருந்தவர். கடிதம் வாங்கிய அன்றே ஓடி வந்திருந்தால் பாதி நாளில் முடிந்திருக்கும். 'வளைகாப்பு முடியட்டும்' என்றார்கள் வீட்டில், அப்புறம் 'பிரசவம் முடியட்டும்' என்றார்கள். குழந்தைக்கு நான்காவது மாதம் நடக்கும்போது என் முன்னால் வந்து உட்கார்ந்தார். சலுகை மறுக்கப்பட்டாலோ, நீக்கப்பட்டாலோ, உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான். அது எப்போதோ கடந்துபோயிருந்தது. அதைவிடப் பெரிய இடி ஒன்று. இடையில் செலவுக்குப் பணம் வேண்டும் என்று, வேலையை விட்டுவிட்டதாகக் குறிப்பிட்டு வைப்பு நிதியை எடுக்க விண்ணப்பித்திருந்தார். எதிர்த்தரப்பு முதல் நாளே அந்த விண்ணப்பத்தின் நகலை நீட்டியது. 'மிரட்டி வாங்கினார்கள் என்கிறீர்கள், ஆனால் நீங்களே வேலையை விட்டதாக எழுதியிருக்கிறீர்களே' என்ற கேள்விக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. அதனால் சொல்கிறேன், இந்த விவகாரம் முடியும்வரை வைப்பு நிதியில் கை வைக்காதீர்கள்.

அந்த இரண்டு மாதச் சம்பளமும் அப்படித்தான். நீங்கள் கேட்காமலேயே ஒருநாள் 64,000 ரூபாய் கணக்கில் வந்து விழலாம். சும்மா இருந்தால் முழு கணக்கும் தீர்ந்ததாக எடுத்துக்கொள்வார்கள். அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இந்தத் தொகையை எனக்கு வர வேண்டிய மகப்பேறு சலுகையில் ஒரு பகுதியாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று. ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதன் கடைசிப் பத்தியைப் படியுங்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அந்த வரி இருக்கும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் இருக்கிறீர்களே, அதுவும் ஆபத்து. எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு எட்டு வாரம் முன்பிருந்துதான் மகப்பேறு விடுப்பு எடுக்கலாம். 27-வது வாரத்தில் நீங்கள் அந்த எல்லைக்குள் வரவில்லை. ராஜினாமா செல்லாமல் போனாலும் 'சொல்லாமல் நின்றுவிட்டார்' என்று அவர்கள் வேறு பக்கம் திரும்ப இடம் கொடுக்காதீர்கள். உடம்பு ஒத்துழைத்தால் வேலைக்குப் போங்கள். வாசலில் தடுத்தால் வாசலில் நின்றபடியே ஹெச்.ஆருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: இத்தனை மணிக்கு வந்தேன், உள்ளே விடவில்லை. ஒத்துழைக்காவிட்டால் மருத்துவரிடம் எழுதி வாங்கி விடுப்புக் கேளுங்கள். கர்ப்பத்தால் வரும் நோய்க்கு, 26 வாரத்துக்கு மேல் சம்பளத்தோடு ஒரு மாதம் வரை விடுப்பு எடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

ஆதாரம் என்ற வகையில் உங்களிடம் இருப்பதில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தெரிவது ஹெச்.ஆர். சொன்ன அந்த வார்த்தைதான்: 'குழந்தை பிறந்து ஒரு வருஷம் கழிச்சு வாங்க.' நீங்கள் போகக் காரணம் கர்ப்பம் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். இது வாட்ஸ்அப்பில் எங்காவது எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்த போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை மறுப்பது அவர்களுக்குச் சுலபம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டப்படியும் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் வேண்டும், அதைத் தர அசல் கருவி இருந்தால்தான் வேலை எளிது. தாய் சேய் நல அட்டையையும் பத்திரமாக வையுங்கள். எதிர்பார்க்கும் பிரசவத் தேதி அதில் எழுதியிருக்கிறது. 80 நாள் கணக்கும், எட்டு வாரக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகின்றன.

விடுப்பில் இருக்கும்போது உறவினர் கடைக்கு கணக்கு எழுதிக் கொடுப்பது, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுப்பது வேண்டவே வேண்டாம். விடுப்புக் காலத்தில் வேறு இடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தால் அந்தக் காலத்துக்கான சலுகை பறிபோகும். கணக்குத் துறையில் இருப்பவர்கள் இதில் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாயிரம் ரூபாய் ஜி-பே வரவு ஒன்று போதும்.

இப்போது பேச்சுவார்த்தை. நியாயம் கிடைக்கும்வரை விடமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்: சமரசம் செய்துகொள்ளுங்கள். கைக்குழந்தையோடு வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் கிடைத்த தொகை, ஆரம்பத்திலேயே உறுதியாகப் பேசியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதுதான். அந்த மேனேஜரோடு திரும்பவும் வேலை பார்க்க வேண்டும் என்ற ஆசை உங்கள் கடிதத்தில் எங்கும் தெரியவில்லை. அப்படியிருக்க எதற்காகச் சண்டை போடுகிறோம் என்பதில் தெளிவாக இருங்கள்.

ஆனால் 64,000 ரூபாய்க்கு இல்லை. உங்கள் மொத்தச் சம்பளத்தில் 26 வாரம் என்பது ஏறக்குறைய ஆறு மாதம், 1,92,000 ரூபாய் அளவுக்கு வரும். எந்தெந்தப் படிகள் கணக்கில் சேரும் என்பதில் கம்பெனி கொஞ்சம் இழுக்கும். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் அவர்கள் இலவசமாக மருத்துவ வசதி தராவிட்டால் மருத்துவ போனஸ் 3,500 ரூபாய் தனி. உங்கள் சம்பளம் 21,000 ரூபாய் வரம்புக்கு மேல் என்பதால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) தராது, முழுதும் கம்பெனிதான் தர வேண்டும். இதற்குக் கீழே ஒரு ரூபாய்க்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நான் கேட்கச் சொல்வது மொத்தத் தொகையைக்கூட இல்லை. 26 வாரம் முடியும்வரை வேலையில் இருப்பதாகவும், அதன் கடைசி நாளுக்கு அடுத்த நாள் தேதியிட்டு ராஜினாமா தருவதாகவும் பேசுங்கள். காரணம், நிறுவனத்தின் குழுக் காப்பீடு. பல நிறுவனங்களில் அது பிரசவச் செலவையும் ஏற்கும், வேலையை விட்ட அன்றே உங்கள் பெயரை அதிலிருந்து எடுத்துவிடுவார்கள். சிசேரியன் ஆனாலோ, குழந்தையைச் சில நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க வேண்டி வந்தாலோ, நீங்கள் பேரம் பேசி வாங்கிய தொகையை அந்த ஒரு பில் விழுங்கிவிடும். உங்கள் பாலிசியில் என்ன இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். ஒரு வருஷம் கழித்துச் சீட் தருவோம் என்ற வாக்கை எழுத்தில் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். தரமாட்டார்கள், தந்தாலும் அதை வைத்து வேலையை வாங்க முடியாது.

ஒத்துவராவிட்டால் தொழிலாளர் துறையில் புகார். அங்குள்ள ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். ஆய்வாளரின் நோட்டீஸ் போன பிறகு மேசைக்கு வரும் நிறுவனங்கள்தான் அதிகம்.

மற்ற இரண்டு கேள்விகள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள தாய்மார்களுக்கானது, பொருட்களையும் சேர்த்து 18,000 ரூபாய். உங்கள் சம்பளத்துக்கு அதை நம்பியிருக்க வேண்டாம். தனியார் துறையில் வேலை பார்க்கும் கணவருக்குச் சட்டப்படி தந்தையர் விடுப்பு கிடையாது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் உண்டு. உங்கள் கணவர் தன் நிறுவனத்தின் விடுப்பு விதிகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பேச்சுக்கு அவரையும் அழைத்துப் போங்கள். ஒப்பந்தத்தில் பணம் எந்தத் தேதியில் எந்தக் கணக்குக்கு வரும் என்பது எழுதியிருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும், வெள்ளிக்கிழமை நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்தத் தேதியில்லாத தாளின் அசலைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகே புதிய தாளில் கையெழுத்துப் போடுங்கள்.