சிறார் நீதி அமைப்பில் அதிகாரிகள் தங்கள் அதிகாரத்தை மீறாமல் கட்டுப்படுத்துவது எப்படி?

சட்ட உதவி வழக்கறிஞராக, குற்றம் சாட்டப்பட்ட சிறார்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் ஆஜராகி வருபவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். நம் நாட்டில் தடைகளுக்குக் குறைவில்லை. பிடிபட்ட சிறுவனை எந்த நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்றும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்றும் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 10ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதை எழுதுபவர், சிறுவனைப் பிடித்த காவலரே. மீறல் நுழையும் வாசல் அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், செல்போன் திருடியதாகச் சொல்லப்பட்ட பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். முந்தைய நாள் மாலை 5 மணிக்குப் பிடித்ததாக ஆவணத்தில் இருந்தது. வராந்தாவில் நின்றிருந்த அவனுடைய தாய், முந்தானையில் முடிந்திருந்த பேருந்துச் சீட்டை அவிழ்த்து என்னிடம் நீட்டி, "அன்னைக்கே ஸ்டேஷனுக்கு வந்தேங்க ஐயா, புள்ளய கண்ணுலயே காட்டல" என்றார். சீட்டில் அச்சாகியிருந்த தேதி இரண்டு நாள் முந்தையது. குழுமத்தின் நடுவர் அந்தச் சீட்டைப் பதிவில் சேர்த்து, காவல் நிலையத்தின் அன்றாட நிகழ்வுகள் பதியப்படும் பொது நாட்குறிப்பை வரவழைத்தார். சிறுவன் அன்றே பிணையில் வீடு திரும்பினான். அந்தத் தாய் சீட்டைக் கசக்கி எறிந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்ற கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆகவே கட்டுப்பாடு என்பது, அதிகாரம் பயன்படுத்தப்படும் அந்த நேரத்திலேயே காரணத்தை எழுத வைப்பதும், எழுதியதை வேறொருவர் சரிபார்ப்பதும்தான் என்று உறுதியாக நம்புகிறேன். பிணையையே எடுத்துக்கொள்ளுங்கள். 12ஆவது பிரிவின்படி பிணை தருவதே விதி. மூன்று காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம், அதையும் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அவற்றில் ஒன்றான "விடுவித்தால் குற்றவாளிகளோடு சேரக்கூடும்" என்ற ஒரே வரி, பெயர் மட்டும் மாறி, உத்தரவுக்கு உத்தரவு வருவதைப் பார்த்திருக்கிறேன். எந்தக் குற்றவாளி, அவருக்கும் இந்தச் சிறுவனுக்கும் என்ன தொடர்பு, அதை, சிறுவனின் பின்னணியை விசாரித்து அறிக்கை தரும் நன்னடத்தை அலுவலர் யாரிடம் விசாரித்து அறிந்தார் என்பவை இல்லாத வரியைக் காரணமாக ஏற்கவே கூடாது.

குழுமத்துக்கும் பொறுப்பு உண்டு. தமிழ்நாட்டு ஆதரவற்றோர் இல்லங்களைப் பற்றி 2007இல் தொடங்கிய வழக்கில், குழுமங்கள் வெறும் பார்வையாளர்களாக இருக்க அமைக்கப்பட்டவை அல்ல, சிறார் லாக்கப்பில் இருப்பது தெரியவந்தால் தாமே தலையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் கூறியது. விசாரணைக் காலத்தில் சிறார்களைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லங்களை மாதம் ஒருமுறையாவது பார்வையிடுவதும், பெரியவர்களுக்கான சிறைகளில் சிறார் எவரேனும் அடைக்கப்பட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதும் சட்டம் குழுமத்துக்கு இட்ட கடமைகள். செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 2022இன் கடைசி நாளில் 17 வயதுச் சிறுவன் உயிரிழந்து, ஊழியர்களே கைதான பிறகு, அந்தப் பார்வையிடலை யாரும் சடங்காகக் கருத முடியாது.

நான் ஆஜராகும் வழக்குகளில் இப்போது முதல் வேண்டுகோளாக, காவலர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "உன்னை எப்போது கூட்டிவந்தார்கள், ராத்திரி எங்கே படுத்தாய்?" என்று சிறுவனிடமே கேட்டு, அவன் சொல்வதை அவன் சொற்களிலேயே பதிவு செய்யுமாறு கோருகிறேன்.