நெடும்பயணத்திற்கு ஒரே அட்டை போதுமா?

கேள்வி: என் மகன் ஓராண்டுக்கு வெளிநாடுகளைச் சுற்றப் புறப்படுகிறான். அவனிடம் ஒரே வங்கிக் கணக்கும் ஒரு டெபிட் அட்டையும் உள்ளன. அவை போதுமா?
– வாசகி, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: போதாது, அம்மா. அட்டை தொலைந்தாலோ இயந்திரம் விழுங்கிவிட்டாலோ, மாற்று அட்டை பெரும்பாலும் உங்கள் வீட்டு முகவரிக்குத்தான் வரும். அவர் எங்கோ தொலைவில் கையில் பணமின்றி நிற்க நேரும். ஆகவே, வேறொரு வங்கியில் இன்னொரு கணக்கைத் திறந்து, ஒன்று விசா, மற்றது மாஸ்டர்கார்டு என இரண்டு அட்டைகளையும் வெவ்வேறு பைகளில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சேமிப்பை ஒரு கணக்கில் விட்டு, செலவுக்கானதை மட்டும் மற்றதற்கு அவ்வப்போது மாற்றிக்கொண்டால், அட்டை திருடர் கையில் சிக்கினாலும் இழப்பு சிறிதாகவே இருக்கும்.

நம் நாட்டு டெபிட் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே கேட்டுத் திறக்க வேண்டும் என்பதைப் பலர் விமான நிலையத்தில்தான் அறிகிறார்கள். அதைப் புறப்படும் முன்பே வங்கிச் செயலியிலோ கிளையிலோ செய்துவிடட்டும். இப்போது ஒப்புதல்கள் பெரும்பாலும் பதிவுசெய்த கைப்பேசியின் செயலி வழியாகவே நடப்பதால், அந்தக் கைப்பேசியையும் மலேசிய எண்ணையும் இழக்காமல் காப்பது அட்டையைக் காப்பதற்கு இணையானது.

வெளிநாட்டுக் கடையிலோ ஏடிஎம்மிலோ "ரிங்கிட்டில் செலுத்தலாமா?" என்று திரை கேட்டால் மறுத்து, அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும், ரிங்கிட்டைத் தேர்ந்தால் மாற்று விகிதம் பொதுவாக நமக்குப் பாதகமாகவே அமையும்.

பெருந்தொகையை மின்பணப்பையில் வைக்க வேண்டாம். பிஐடிஎம் (PIDM) எனும் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்தின் உறுப்பு வங்கிகளில் வைப்புத்தொகைக்கு, ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 ரிங்கிட் வரை காப்புறுதி உண்டு; மின்பணப்பையில் உள்ள பணத்துக்கு அது இல்லை.