இன்லாண்டா, அவுட்லாண்டா? கனடா ஸ்பௌஸ் ஸ்பொன்சர் கேள்வி பதில்

கனடாவில இருந்துகொண்டு மனிசியையோ மனுசனையோ பிஆருக்கு, அதாவது நிரந்தர வதிவிடத்துக்கு, ஸ்பொன்சர் பண்ண நினைக்கிற ஆக்கள் கேட்ட கேள்வியளுக்கு ஒண்டாச் சேத்துப் பதில் எழுதுறன். இன்லாண்ட் எண்டா ரெண்டுபேரும் கனடாவில ஒண்டாக் குடியிருந்து போடுறது, அவுட்லாண்ட் எண்டா வெளிநாட்டில இருக்கிற ஆளுக்குப் போடுற வழி, ஆள் கனடாவில இருந்தாலும் அதில போடலாம். நான் ஒரு லோயர் ஒஃபிஸில ஃபமிலி ஃபைல் பாக்கிறனான், சனம் எந்த இடத்தில இடறுப்படுது எண்டு தெரியும். எல்லாரும் முதல்ல கேக்கிறது "எது கெதியா முடியும்" எண்டுதான். நான் அதைக் கடைசியாத்தான் பாப்பன். நீங்கள் கூப்பிடுற ஆள் இப்ப எங்க இருக்கிறார், முடிவு வரும் வரைக்கும் அங்கயே இருக்கேலுமோ, மறுத்தா பிறகு என்ன செய்யலாம், இந்த மூண்டையும் முதல்ல யோசியுங்கோ.

ஸ்காபரோ தம்பி: அக்கா, எனக்கு பிஆர், மனிசி யாழ்ப்பாணத்தில. போன வருசம் கலியாணம் முடிஞ்சது. விசிற்றர் விசாவில கூப்பிட்டு இங்க வச்சு இன்லாண்ட் போடு எண்டு கூட வேலை செய்யிற ஒராள் சொல்லுறார். அதுக்காகக் காத்திருக்கிறது சரியோ?

காத்திருக்காதேங்கோ தம்பி. விசிற்றர் விசா கிடைக்கும் எண்டு ஒருத்தரும் உறுதி தரேலாது, மறுத்தா அவ்வளவு மாசமும் வீண். இப்பவே அவுட்லாண்ட், அதாவது ஃபமிலி கிளாஸில போடுங்கோ. ஃபைல் கிடைச்சது எண்டு லெட்டர் வந்த பிறகு அதையும் வச்சு விசிற்றர் விசாவுக்குப் போடலாம். பிஆருக்குப் போட்ட ஆள் விசிற்றரா வரக்கூடாது எண்டில்லை, ரெண்டு எண்ணமும் ஒண்டா இருக்கலாம் எண்டு சட்டத்திலயே இருக்கு, ஆனா குடுத்த காலம் முடிஞ்சா திரும்பிப் போவா எண்டு ஒஃபிசர் நம்பவேணும், அதுக்கு அவவின்ர வேலை, தாய் தகப்பன், காணி எண்டு அங்க இருக்கிறதைக் காட்டுங்கோ. அவ வந்து சேந்தாலும் அவுட்லாண்ட் ஃபைல் அப்பிடியே ஓடும், மாத்தத் தேவையில்லை. இன்னொண்டு, நீங்கள் சிட்டிசன் இல்லை, பிஆர். பிஆர் உள்ள ஆள் கனடாவில இருந்துதான் ஸ்பொன்சர் பண்ணலாம், அதால மனிசியோட இருப்பம் எண்டு வேலையை விட்டிட்டு ஊரில போய்க் குடியிருக்காதேங்கோ.

பிரம்ப்டன்ல இருந்து ஒரு தங்கச்சி: வணக்கம் அக்கா, எனக்கு கோயம்புத்தூர். இங்க படிச்சு முடிச்சு வாங்குன ஒர்க் பெர்மிட் இன்னும் அஞ்சு மாசத்துல முடியுது. வீட்டுக்காரர் சிட்டிசன், ஒண்ணாதான் இருக்கோம். இன்லாண்ட் போட்டாதான் ஓப்பன் ஒர்க் பெர்மிட் (எந்த முதலாளிகிட்டயும் வேலை செய்யற அனுமதி) தருவாங்கன்னு சொல்றாங்க, ஆனா ஊர்ல அம்மாவுக்கு உடம்பு முடியல, எப்ப வேணா கிளம்ப வேண்டி வரலாம்.

அது பழைய கதை தங்கச்சி. முந்தி இன்லாண்ட் போட்ட ஆக்களுக்குத்தான் அந்த வேர்க் பெர்மிட். 2023 மே மாசத்தில மாத்திட்டினம், இப்ப அவுட்லாண்ட் போட்டாலும் நீங்கள் கனடாவில, ஸ்பொன்சர் பண்ணுறவரோட ஒரே விலாசத்தில, ஸ்டேட்டஸோட (தங்கியிருக்கிற அனுமதியோட) இருந்தாக் கேக்கலாம். உங்கட நிலைமைக்கு அவுட்லாண்ட்தான் பொருந்தும். இன்லாண்டில ரெண்டுபேரும் கனடாவில ஒண்டாக் குடியிருக்கிறதுதான் அடிப்படையே. அம்மாட்டப் போய், திரும்பி வரேக்க ஏதோ காரணத்தில உள்ள விடாட்டி ஃபைலும் சேந்து போயிடும். அவுட்லாண்டில அந்தப் பயம் இல்லை, ஊரில நிண்டாலும் ஃபைல் நடக்கும்.

ஆனா இண்டைக்கே தொடங்குங்கோ. வேர்க் பெர்மிட் கேக்கிறதுக்கு பிஆர் ஃபைல் கிடைச்ச லெட்டர் வேணும், இருக்கிற பெர்மிட் முடியிறதுக்கு முதல் கேட்டிடவேணும். பழசு முடிஞ்சு புதுசு வராத இடைவெளியில வெளிய போறதைக் கூடியவரை தவிருங்கோ, திரும்பி வந்தா வேலை செய்யிற உரிமை சிக்கலாகும். பாஸ்போட்டில இருக்கிற விசா ஸ்டிக்கர் எப்ப முடியுது எண்டும் பாருங்கோ. வேர்க் பெர்மிட் கையில இருந்தாலும் அதைக் காட்டி பிளேன் ஏறேலாது.

ஒரு அண்ணை: நான் அகதிக்கோரிக்கை மறுக்கப்பட்ட ஆள், இப்ப ஸ்டேட்டஸ் இல்லை. மனிசி சிட்டிசன். வெளிய போய்த்தான் போடவேணுமோ?

இல்லை அண்ணை, அவசரப்பட்டு வெளிக்கிடாதேங்கோ. உண்மையான கலியாணமா இருந்து ஒண்டாக் குடியிருந்தா, ஸ்டேட்டஸ் இல்லாத ஆளும் இன்லாண்ட் போடலாம் எண்டு 2005இல இருந்து ஒரு பொதுக் கொள்கை இருக்கு. ஓவர்ஸ்டே பண்ணினது, பெர்மிட் இல்லாமல் வேலை செய்தது மாதிரியானதுகளை அது மன்னிக்கும், கிரிமினல் கேஸ் மாதிரியானதுகளை மன்னிக்காது. முதல்கட்ட அனுமதி வந்த பிறகுதான் உங்களுக்கு வேர்க் பெர்மிட், அதுவரைக்கும் மனிசியின்ர உழைப்பிலதான் வீடு ஓடவேணும், அதுக்கு ஆயத்தமா இருங்கோ. நாடுகடத்தல் அழைப்பு வந்த பிறகு ஃபைல் போட்டா அது தானா நிக்கும் எண்டு நினைக்கவேண்டாம். நீங்கள் மட்டும் இதைத் தனியச் செய்யாமல் இந்தக் கிழமையே லைசன்ஸ் உள்ள லோயர் ஒராளைப் பாருங்கோ.

மார்க்கம் தங்கச்சி: கலியாண ஆல்பத்தில முந்நூறு படம் கிடக்கு, எல்லாத்தையும் அனுப்பட்டோ?

வேண்டாம், 20 படம்தான் கேக்கினம். அதில தாலி கட்டுற படம் ஒண்டு போதும். ஆல்பத்தில மணவறை, மாலை, தனிய நிண்டு எடுத்த போஸ் எண்டு ஒரே நாள் உடுப்பிலதான் முக்காவாசியும் இருக்கும், அதைப் பாக்கிற ஒஃபிசருக்கு ஒரு நாளைத் தவிர வேற ஒண்டும் தெரியாது. ரெண்டு பக்கத்துத் தாய் தகப்பன் நிக்கிற படம், எழுத்து (கலியாணப் பதிவு) எழுதேக்க எடுத்தது, பிறகு நீங்கள் ஊருக்குப் போய் நிண்டது, மாமியோட குசினியில நிக்கிறது, வெவ்வேற மாசத்தில எடுத்ததுகளாப் பாத்துத் தெரிவு செய்யுங்கோ. ஒவ்வொண்டுக்கும் கீழ எங்க, எப்ப, ஆர் நிக்கினம் எண்டு ஒரு வரி எழுதுங்கோ.

அதைவிட முக்கியம் ஐஎம்எம் 5532 ஃபோம். எப்பிடிச் சந்திச்சது, ஆர் பேசினது, கலியாணத்துக்கு ஆர் வந்தது எண்டெல்லாம் அதில கேக்கும். பேச்சுக்கலியாணம் எண்டா வெக்கப்படாமல் அப்பிடியே எழுதுங்கோ, சாதகம் பாத்தது, ஃபோனில எப்ப கதைக்கத் தொடங்கினது எல்லாத்தையும். காதல் கலியாணம் மாதிரிக் காட்டினாத்தான் நம்புவினம் எண்டு ஆரோ சொல்லிக்குடுத்து எழுதி, பிறகு இன்ரவியூவில பொம்பிளை ஒண்டு மாப்பிள்ளை ஒண்டு சொல்லி மறுபட்ட ஃபைலுகள் பாத்திருக்கிறன். மனசு நொந்துபோகும். உண்மையான கலியாணம், சோடிச்ச கதையால விழுந்தது.

மிசிசாகாவில இருந்து ஒராள்: மனிசிக்கு முதல் கலியாணத்தில ஒரு மகன், அவன்ர தகப்பனோட இருக்கிறான், வரமாட்டான். பேர் போடவேணுமோ?

கட்டாயம். வராட்டியும் பேர் போட்டு மெடிக்கலும் செய்விக்கவேணும். இப்ப மறைச்சா, நாளைக்கு அவன் தாயிட்ட வர ஆசைப்பட்டாலும் ஃபமிலி கிளாஸில அவனைக் கூப்பிடேலாமல் போகலாம். 22 வயசுக்குக் கீழ, கலியாணம் ஆகாத எல்லாப் பிள்ளையளுக்கும் இதுதான்.

வருமானம், காசு பற்றிக் கேட்ட கனபேருக்கு: தாய் தகப்பனைக் கூப்பிடுற மாதிரி மனிசி மனுசனுக்கு குறைஞ்சபட்ச வருமானம் எண்டு பொதுவா இல்லை, ஆனா நீங்கள் வெல்ஃபெயரில (அரச உதவிக் காசில) இருந்தா ஏலாது, டிசபிலிற்றிக்கு எடுக்கிற காசு பரவாயில்லை. பிஆர் வந்த நாளில இருந்து 3 வருசம் அவரைப் பாக்கிற பொறுப்பு உங்கட, இடையில பிரிஞ்சாலும் அது விடாது. ஃபீஸ் 2024 ஏப்ரல் கணக்குக்கு 1,205 டொலர், பயோமெட்ரிக்ஸ் (கைரேகை, முகப்படம்) 85 எண்டு இருந்தது. மெடிக்கல், பொலிஸ் ரிப்போட், மொழிபெயர்ப்பு எல்லாம் வேற. நீங்களே ஸ்பௌஸ் ஸ்பொன்சரில வந்த ஆள் எண்டா, பிஆராகி 5 வருசம் முடியாமல் இன்னொராளைக் கூப்பிடேலாது.

சூமில எழுத்து எழுதின தம்பிக்கு: ஒராள் அங்கயும் ஒராள் இங்கயுமா இருந்து செய்த பதிவை 2015இல இருந்து ஏற்கிறதில்லை. ரெண்டுபேரும் நேரில நிண்டு திரும்ப எழுதுங்கோ, பிறகு ஃபைல் போடுங்கோ.

மொன்றியல் அக்காவுக்கு: கியூபெக்கில மாகாணத்தின்ர அனுமதியும் வேணும், அதுக்கு 2024இல எண்ணிக்கை மட்டு வச்சவை. ஒன்ராறியோ ஆக்கள் சொல்லுற காலக்கணக்கை உங்களுக்குப் பாக்காதேங்கோ.

ஒரு தம்பி: ரெண்டு வழியிலயும் ஒண்டாப் போட்டு எது முதல் வருதோ அதை எடுக்கலாமோ?

ஏலாது. ஒண்டு நடக்கேக்க மற்றது போடேலாது, மாத்துறதெண்டா முதலாவதை வாபஸ் எடுத்து, திரும்ப முதல்ல இருந்து தொடங்கவேணும். அதாலதான் மறுத்தா என்ன எண்டு இப்பவே யோசிக்கச் சொல்லுறன். அவுட்லாண்ட் மறுபட்டா ஸ்பொன்சர் பண்ணினவர் 30 நாளைக்குள்ள இமிகிரேஷன் அப்பீல் டிவிஷனுக்குப் போகலாம், அங்க புது ஆதாரம் குடுக்கலாம், நீங்களே ஏறிச் சாட்சி சொல்லலாம். இன்லாண்டுக்கு அந்த அப்பீல் இல்லை. ஃபெடரல் கோட்டிலதான் கேக்கலாம், அதுவும் 15 நாளைக்குள்ள, முதல்ல கோட்டின்ர அனுமதி வேணும், ஒஃபிசர் பிழை விட்டவரோ எண்டு மட்டும்தான் பாப்பினம். ரெண்டாங் கலியாணம், வயசு வித்தியாசம், முந்தி விசா மறுத்தது எண்டு ஒஃபிசர் கேள்வி கேக்கக்கூடிய ஏதும் உங்கட ஃபைலில இருந்தா, இங்க ஒண்டா இருந்தாலும் அவுட்லாண்டே போடுங்கோ.