பதினொரு வாரத்தில் ஒரு மலையா?

கேள்வி: ஒரு ரேசிங் கேமுக்கு எக்ஸ்பான்ஷன் (கேம் வந்த பிறகு தனியாக விற்கும் கூடுதல் மேப், கார்கள்) தயாரிக்க எவ்வளவு நாள் ஆகும்? ‘ஃபோர்ஸா ஹொரைஸன் 3’ வந்து இரண்டரை மாதத்தில் பனிமலை வந்துவிட்டது. ஐந்தாம் பாகத்துக்கு மட்டும் எட்டு மாதம் காக்க வைத்தார்கள். சோம்பேறி ஆகிவிட்டார்களா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, நீங்கள் இலை போட்ட நேரத்திலிருந்து எண்ணுகிறீர்கள். அடுப்பு மூட்டிய நேரத்தை விட்டுவிட்டால் எந்தப் பந்தியும் பத்து நிமிஷ வேலைதான்.

மூன்றாம் பாகம் 2016 செப்டம்பர் 27-ல் வந்தது. நீங்கள் சொன்ன பனிமலை, ‘ப்ளிஸார்ட் மவுன்டன்’, டிசம்பர் 13-ல். 77 நாள், சரியாகப் பதினொரு வாரம். அதற்கு முன் 2014-ல் இரண்டாம் பாகத்தின் ‘ஸ்டார்ம் ஐலண்ட்’ வந்ததும் டிசம்பரில். 2018-ல் நான்காம் பாகத்தின் ‘ஃபார்ச்சூன் ஐலண்ட்’ வந்ததும் டிசம்பர் 13-ல்தான். ஒரு மலையை அதன் சாலை, மரம், பனிப்புயலோடு பதினொரு வாரத்தில் செய்து முடிக்க இந்த கேம்களைச் செய்யும் இங்கிலாந்தின் பிளேகிரவுண்ட் கேம்ஸால் மட்டுமல்ல, யாராலும் ஆகாது. கேம் கடைக்கு வந்த அன்று அந்த மலை பாதிக்கு மேல் எழும்பியிருந்திருக்க வேண்டும். நான்காம் பாகத்தின் அல்டிமேட் எடிஷனை விற்றபோதே, வராத இரண்டு எக்ஸ்பான்ஷனுக்கும் சேர்த்துத்தானே காசு வாங்கினார்கள்!

என் கதையையே சொல்கிறேன். சில வருஷம் பெங்களூரில், வெளிநாட்டு கேம்களுக்குக் கார் மாடல் செய்து கொடுக்கும் ஒரு ஸ்டூடியோவில் இருந்தேன். எனக்கு டாஷ்போர்டு வேலை. எழுபதுகளின் கார் ஒன்று வந்தது. முன்னூறு போட்டோ கொடுத்தார்கள். ஏசி துவாரத்தின் திருகு, கைப்பெட்டி மூடியின் இடுக்கு, ஸ்டீயரிங் உறையின் தையல் என்று உட்புறத்துக்கு மட்டும் ஐந்து வாரம் ஆனது. அனுப்பினோம், திரும்பி வந்தது. காரணம், முன்னூறில் பாதி போட்டோக்கள் வலது ஸ்டீயரிங் வண்டியில் எடுத்தவை, மீதி இடது ஸ்டீயரிங் வண்டியில் எடுத்தவை. நான் இரண்டையும் கலந்து, உலகத்திலேயே இல்லாத ஒரு காரைச் செய்து வைத்திருந்தேன். திருத்தி முடிக்க இன்னும் மூன்று வாரம். அந்தக் கார் எந்த கேமுக்கு என்று எங்களுக்குச் சொல்லவில்லை, ஃபைலுக்குப் பெயர்கூட ஒரு நம்பர்தான். ஒன்றேகால் வருஷம் கழித்து ஓர் எக்ஸ்பான்ஷனின் டிரெய்லரில் என் ஏசி திருகைப் பார்த்தேன்.

ஆகவே முதல் பென்சில் கோட்டிலிருந்து எண்ணினால் ஒரு பெரிய எக்ஸ்பான்ஷன் ஒரு வருஷத்துக்குக் குறையாது என்பது என் கணக்கு. கட்டட வேலை மாதிரிதான். மேலே பூச்சு நடக்கும்போதே கடைக்கால் தோண்டியவர்கள் அடுத்த மனைக்குப் போய்விடுவார்கள். கேமின் கடைசி ஆறு மாதம் புரோகிராமர்கள் பக் (பிழை) பிடிப்பதிலேயே கழியும். மேப் திட்டம் போடுகிறவர்களுக்கும் படம் வரைகிறவர்களுக்கும் அப்போது வேலை குறைவு. அவர்கள்தான் அடுத்த தீவைத் தொடங்குவது.

ஏன் பெரும்பாலும் தீவு, மலை என்று தனியாகவே வருகிறது என்று யோசித்தீர்களா? ஒட்டுப்போடாத நிலம் என்றால் மெயின் மேப்பைத் தொட வேண்டாம். அங்கே ஒரு டீம் பக் திருத்த, இங்கே இன்னொரு டீம் மண்ணைக் கொட்டலாம். வாங்காதவன் ஆன்லைனில் வந்து மதிலில் முட்டிக்கொள்ளவும் மாட்டான். இதற்கு நேர்மாறு ‘பர்ன்அவுட் பாரடைஸ்’ என்ற இன்னொரு ரேசிங் கேம். அதன் ‘பிக் சர்ஃப் ஐலண்ட்’ நகரத்தோடு பாலம் போட்டு இணைந்தது. கேம் வந்தது 2008 ஜனவரியில், தீவு வந்தது 2009 ஜூனில். இடையில் இலவசமாக பைக் எல்லாம் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எட்டு மாதத்துக்கு வருவோம். ஐந்தாம் பாகம் 2021 நவம்பர் 9. அதன் முதல் எக்ஸ்பான்ஷன், பொம்மை கார் டிராக்கை வைத்துச் செய்த ஹாட் வீல்ஸ், 2022 ஜூலை 19. இரண்டாவது, ரேலி அட்வென்சர், 2023 மார்ச் 29. நாள் எண்ணிப் பார்த்தேன்: 252, பிறகு 253. இவ்வளவு சீரான இடைவெளி சோம்பேறித்தனத்தில் வராது, காலண்டரைப் பார்த்து வைத்ததுதான். டிசம்பர் அவசரம் இல்லாததும் நல்லதே. ஆகாயத்தில் தலைகீழாக வளையும் ஆரஞ்சு டிராக்கில் கார் விழாமல் ஓட வேண்டாமா?

கேள்வி: அப்படியானால் தயாராக இருப்பதை வெட்டி எடுத்து, தனியாக விற்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?
– வாசகர், சேலம்

பதில்: முன்பே தொடங்கியது வேறு, முன்பே முடிந்தது வேறு. தொடங்கியதற்குத் தனி பட்ஜெட், தனி ஆள். ஆனால் கேம் வந்த முதல் நாளே கட்டண கார் பேக் வந்தால், உங்கள் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு.

கேள்வி: ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’-இல் ரஷ்யா எப்போது வரும்? அப்பா லாரி ஓட்டுகிறார், அவரும் கேட்கிறார்.
– வாசகர், நாமக்கல்

பதில்: அது ரேஸ் இல்லை என்றாலும் உங்கள் அப்பாவுக்காகச் சொல்கிறேன். பிராக் நகரத்து எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் ‘ஹார்ட் ஆஃப் ரஷ்யா’ மேப்பில் நெடுநாள் உழைத்தது. 2022 மே மாதம், உக்ரைன் போர் முடியும்வரை வெளியிடுவதில்லை என்று அறிவித்துவிட்டது. போட்ட சாலைகள் அப்படியே பெட்டிக்குள் கிடக்கின்றன. அதற்குப் பிறகு 2023-ல் மேற்கு பால்கன், 2024-ல் கிரீஸ் வந்தன. கிரீஸின் மலை வளைவுகளை அப்பாவிடம் கொடுத்துப் பாருங்கள், கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

கேள்வி: ‘ஃபோர்ஸா ஹொரைஸன் 4’-ஐயும் அதன் லெகோ எக்ஸ்பான்ஷனையும் இப்போது வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: டிஜிட்டலில் முடியாது. லைசென்ஸ் ஒப்பந்தங்கள் முடிந்ததால் 2024 டிசம்பர் 15-ல் கேமைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள், எக்ஸ்பான்ஷன் விற்பனை அதற்கும் முன்பே நின்றுவிட்டது. முன்பே வாங்கியவர்கள் இன்னும் இறக்கி ஆடலாம். அண்ணனோ தம்பியோ அந்த வகையில் இருந்தால், அவர் கன்சோலில் கொஞ்ச நேரம் கேட்டு வாங்குங்கள்.