‘யாராவது’ என்றால் யார், தம்பி?

கேள்வி: பாம்பன்தான் எனக்குச் சொந்த ஊர். வயது 38. ராமேஸ்வரம் – மதுரை பாசஞ்சர் ரயில் பெட்டிகளை 2009-லிருந்து படம் எடுத்து வருகிறேன். ஒரே பெட்டியைப் புதுப் பெயின்ட்டோடும், வாசல் பக்கம் துருவேறியும், கடைசியில் கண்டம் என்று கழித்துக்கட்டுகிற நிலையிலும் எடுத்து வைத்திருக்கிறேன். 11,000 படங்களுக்கு மேல் இருக்கும். படத்தில் ஆள் விழுந்தால் எனக்குப் பிடிக்காது. அம்மா காலை வண்டியில் மீன் கூடையோடு பரமக்குடிக்குப் போவார்; கூடையை யாராவது ஏற்றிவிடுவார்கள், கூட்டம் உள்ளே போனதும் எடுப்பேன். ரயில் நின்றபின் அம்மா வியாபாரத்தை விட்டுவிட்டார். இப்போது லென்ஸை விற்று மகளுக்கு ஃபீஸ் கட்டச் சொல்கிறாள் மனைவி. பைத்தியம் என்கிறார் அண்ணன். இதன் அருமையை வீட்டாருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: இந்தக் கடிதம் எனக்குப் பல வேஷத்தில் வந்திருக்கிறது, தம்பி. ஒருவருக்குப் பந்தயப் புறா, ஒருவருக்குப் பழைய நாணயம், ஒருவருக்கு கிராமபோன் தட்டு. கடைசி வரி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்: வீட்டாருக்கு எப்படிப் புரியவைப்பது? ஃபீஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டுங்கள். லென்ஸ் போனால் போகட்டும். உங்கள் மனைவி கேட்டதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

நான் படிப்பதை நிறுத்தியது வேறு இடத்தில். “கூடையை யாராவது ஏற்றிவிடுவார்கள்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘யாராவது’ யார்?

மீன் கூடையின் கனத்தைப் பாம்பன்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சும்மாடு வைத்த தலையிலிருந்து இறக்க ஒரு கை வேண்டும். பெட்டிக்குள்ளிருந்து ஒருத்தி இழுக்க வேண்டும், கீழேயிருந்து ஒருவர் தாங்க வேண்டும். வண்டியோ நிற்கிற மாதிரி நின்று கிளம்பிவிடும். அந்த அவசரத்தில் டீக்கடைக்காரரோ, எதிர்வீட்டுப் பையனோ, பேர் தெரியாத யாத்ரீகரோ உங்கள் அம்மாவின் கூடைக்குத் தோள் கொடுத்திருக்கிறார். பெற்ற பிள்ளை பத்தடி தள்ளி, இந்த அம்மா எப்போது வாசலை விட்டு நகர்வாள் என்று கேமராவோடு காத்திருந்திருக்கிறான். ஒரு நாள் இரண்டு நாள் கதையா இது? எத்தனை வருஷம்! அதை எழுதும்போதுகூட உங்களுக்குக் கை கூசவில்லை. அம்மாவின் சுமைக்கு மகன் கை கொடுப்பதை உதவி என்று சொன்னாலே எனக்குக் கோபம் வரும். அது கடன். மகன் அங்கே நிற்கும்போது வேறொருவர் அதைச் செய்தால், அது மகனுக்கு அவமானம். பழைய மனுஷி என்று சொல்லுங்கள், பரவாயில்லை.

சரி, பெட்டிக்கு வருகிறேன். என் அப்பா பொன்மலை ரயில் பணிமனையில் வேலை பார்த்தவர், அதனால் இந்தப் பாஷை எனக்கும் கொஞ்சம் வரும். பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அது பிறந்த வருஷம். 95 என்று தொடங்கினால் 1995. நீங்கள் எடுத்த அந்த நீலப் பெட்டிகளுக்கு ஆயுசு 25 வருஷம். பாசஞ்சர் பெட்டி என்றால் 18 மாதத்துக்கு ஒரு தடவை பணிமனைக்குப் போய் முழுசாகப் பழுது பார்த்துக்கொண்டு வர வேண்டும். மறுபடி எப்போது வர வேண்டும் என்ற தேதியைப் பெட்டியின் கோடிச் சுவரிலேயே எழுதி அனுப்புவார்கள். அந்தத் தேதியெல்லாம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அம்மாவைக் கடைசியாக டாக்டரிடம் கூட்டிப்போன தேதி ஞாபகம் இருக்கிறதா?

அப்பா சொல்வார்: கக்கூஸுக்கு அடியிலும் வாசல் பக்கமும்தான் பெட்டி முதலில் அரிக்கும், தண்ணீர் தங்குகிற இடம் அதுதான். உங்கள் ஊர்ப் பக்கம் ஓடுகிற பெட்டிக்கு இரண்டு புறமும் கடல் காற்று வேறு. அதோடு, வாசலோரம் வரிசையாக வைத்த கூடைகளிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீர். நீங்கள் ஆசை ஆசையாகக் கிட்டப்போய் எடுத்தீர்களே வாசல் துரு, அதில் கொஞ்சம் உங்கள் அம்மாவின் கூடையால் வந்தது. ஆளை ஒதுக்கிவிட்டு அவள் விட்டுப்போன கறையை மட்டும் 16 வருஷமாகப் படம் எடுத்திருக்கிறீர்கள்.

அப்புறம், “ரயில் நின்றபின் அம்மா வியாபாரத்தை விட்டுவிட்டார்.” ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 2020 மார்ச்சில் எல்லா ரயிலும் நின்றது. பாசஞ்சர் திரும்ப ஓடியபோது குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய் என்பது 30 ரூபாய் ஆகியிருந்தது. கூடைக்காரிக்கு அது ஒரு கூறு மீன் காசு. அதையும் சமாளித்துப் போய்க்கொண்டிருக்கும்போது, 2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தின் மேல் வண்டி விடுவதை நிறுத்தினார்கள். 1914-ல் திறந்த பாலம், நிறுத்தாமல் என்ன செய்வார்கள்? 2024-ல் கட்டணம் பழையபடி 10 ரூபாய்க்கு வந்தபோது தீவுக்கு வண்டியே இல்லை. புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் ரயில் பிடிக்க வேண்டுமென்றால் கடலுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் என்ன முகம் காட்டுவார் என்று உங்களுக்கே தெரியும். அம்மா வியாபாரத்தை விட்டாரா, வியாபாரம் அவரை விட்டுப்போனதா? கேட்டீர்களா?

பழைய பெட்டிகள் சிலவற்றை உடைக்காமல், ஜன்னலையெல்லாம் தகடு வைத்து அடைத்து, கார் ஏற்றுகிற பெட்டியாக்கிவிடுவார்கள். அதையும் எங்காவது யார்டில் தேடிப் பிடித்து எடுத்திருப்பீர்கள். வீட்டுத் திண்ணையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் அம்மாவை ஒரு படம் எடுத்ததுண்டா?

உங்கள் படங்களுக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 2018 ஜனவரியோடு அந்தப் பழைய ரகப் பெட்டி செய்வதையே நிறுத்திவிட்டார்கள். இருப்பவையும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. கேமராவை விற்க வேண்டாம், புதிதாக ஒன்றும் வாங்கவும் வேண்டாம். ஆனால் அந்த 11,000-ஐ மறுபடி ஒரு தடவை பாருங்கள். ஓரத்தில் ஒரு முந்தானை, ஒரு கூடை விளிம்பு, ஒரு சும்மாடு என்று விழுந்துவிட்டதால் ஒதுக்கி வைத்த படங்கள் இருக்குமே, அவற்றை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்காருங்கள். எந்தப் பெட்டியில் கதவு சாத்தாது, எந்தப் பெட்டியில் தண்ணீர் வராது, யார் யார் எந்த வாசலில் ஏறுவார்கள் என்று அவர் சொல்லுவார். பெட்டி எண்ணுக்குக் கீழே அதை எழுதிக்கொள்ளுங்கள். உங்களிடம் இல்லாத பாதிக் கதை அவரிடம்தான் இருக்கிறது. அண்ணனுக்குப் புரிகிறதா இல்லையா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு காலை வண்டியில் அவரைப் பரமக்குடிக்குக் கூட்டிப்போங்கள். ஜன்னலோரம் அவருக்கு. வெறுங்கையோடு வரமாட்டேன் என்று கொஞ்சம் கருவாடாவது கட்டிக்கொள்வார். அந்தக் கூடையை நீங்கள் தூக்குங்கள். பரமக்குடியில் கடனுக்கு மீன் வாங்கிவிட்டு, ரயில் நின்றதால் பாக்கி கொடுக்காமல் போன வீடுகள் இருக்கும். எந்தெந்த வீடு, எவ்வளவு என்று அவருக்கு இன்னும் நினைவிருக்கும். கூடவே போய் வாசலில் நில்லுங்கள்.